ஒரு சர்க்கரை, ஓராயிரம் விந்தை: செமோரைச் சுற்றி நடப்பதெல்லாம் தெரியுமா?

ஈப்போவுக்கு வடக்கே, கிந்தா பள்ளத்தாக்கில், சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவே இருக்கிறது செமோர். ஒரு காலத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் கித்தாக் காடு. இன்று பல இடங்களில் செம்பனையும் தாமான் வீடுகளும் வந்துவிட்டன. ஆனால் அங்கே நின்று எந்தத் திசையில் திரும்பினாலும் ஒரே ஒரு வேதிவினையின் கைவரிசை கண்ணில் படும் என்றால் நம்புவீர்களா?

குளுக்கோஸ் என்னும் சர்க்கரையை உடைத்து, அதிலிருந்து உயிர் வாழச் சக்தி எடுக்கும் வித்தைதான் அது. செல் சுவாசம் என்று படிவம் நான்கு உயிரியல் பாடத்தில் வரும். சோதனைக்காகப் படித்துவிட்டு மறந்துபோகிற பாடம்! மரத்தில் ஊறும் பால், தோண்டியில் பொங்கும் கள், புந்தோங் தவ்கே, தம்பூன் பம்பளிமாஸ், காவடி தூக்கும் கால்கள், மலைக்குள் குடைந்த குகைகள் என எல்லாவற்றுக்குள்ளும் அதே பாடம்தான் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம், வாருங்கள்!

ரப்பர் பால் என்பது உயிருள்ள செல்லின் உட்பொருள், தெரியுமா?

விடியுமுன் நெற்றிவிளக்கோடு நிறைக்குள் போகிறார் பால்மரம் வெட்டுகிறவர். முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்தெடுக்கிறார். கத்தியைப் பட்டையில் பதித்து, சரிவாக இழுக்கிறார். காகித கனத்தில் ஒரு சீவல் சுருண்டு விழுகிறது. அடுத்த நொடியே வெட்டு நெடுகிலும் வெள்ளை முத்துகள் துளிர்க்கின்றன. ஒன்றோடொன்று சேர்ந்து, சரிவில் இறங்கி, தகரத்தில் வழிந்து, மங்கு என்னும் கிண்ணத்தில் சொட்டத் தொடங்குகின்றன.

இதைப் பலரும் மரத்தின் சாறு என்றே நினைக்கிறோம். பட்டைக்குள் அடுத்தடுத்து இருக்கும் செல்கள் தங்கள் இடைச்சுவர்களைக் கரைத்துக்கொண்டு நுண்குழாய்களாக இணைகின்றன. அந்தக் குழாய்களுக்குள் நிறைந்திருக்கும் செல் உட்பொருளே பால்! வெட்டும்போது அது வெளியே ஓடிவிடுகிறது. ஆனால் செல்லின் உட்கருவும், சக்தி எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெரும்பாலும் குழாயின் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு உள்ளேயே தங்கிவிடுகின்றன. அதனால்தான் மரம் இழந்ததை மறுபடி ஊற வைக்கிறது. எதைக் கொண்டு? இலையில் சமைந்து பட்டை வழியே இறங்கும் சர்க்கரையைக் கொண்டுதான்! ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் வழக்கம், மரம் அந்தச் சர்க்கரையைப் பாலாக்க எடுத்துக்கொள்ளும் அவகாசம்.

விடியுமுன் ஏன் மரம் வெட்டப் போகிறார்கள், தெரியுமா?

1964-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பட்டரி, போட்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் மரப்பட்டைக்குள் பாலின் அழுத்தத்தை அளந்து உலகுக்குச் சொன்னார்கள். விடியற்காலையில் அது பத்து வளிமண்டல அழுத்தத்தை ஒட்டியிருந்தது! கார் டயருக்குள் நாம் அடைக்கும் காற்றைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அவ்வளவு அழுத்தத்தோடு காத்திருப்பதால்தான் கத்தி பட்டதும் பால் பீறிடுகிறது.

இந்த அழுத்தத்துக்கும் செல் சுவாசத்துக்கும் என்ன உறவு? செல் தன் சவ்வில் உள்ள நுண் இறைப்பிகளை இயக்கிச் சர்க்கரையை உள்ளே இழுக்கிறது. சர்க்கரை போன்ற கரைபொருள்கள் உள்ளே சேரச் சேர, நீரும் பின்னாலேயே வருகிறது, குழாய் விம்முகிறது. அந்த இறைப்பிகள் ஏ.டி.பி. என்ற மூலக்கூறால் ஓடுகின்றன. செல் எந்த வேலை செய்தாலும் செலவழிப்பது ஏ.டி.பி.யைத்தான். அதைச் சர்க்கரையிலிருந்து தயாரித்துத் தருவதுதான் செல் சுவாசம். வெயில் ஏறியதும் இலைகள் நீரை ஆவியாக விடத் தொடங்கும், அழுத்தம் இறங்கும், பால் குறையும். பெரட்டு என்னும் பெயர்ப்பதிவுக்கு இருட்டில் ஓடிய நம் பாட்டன் பாட்டிமாரின் நேர அட்டவணையை வகுத்தது இந்தக் கணக்குதான்!

ஒரு ரப்பர் மூலக்கூற்றுக்கு எத்தனை குளுக்கோஸ் செலவாகிறது, தெரியுமா?

குளுக்கோஸில் ஆறு கார்பன் அணுக்கள். செல் முதலில் அதைப் பத்துப் படிகளில் இரண்டாகப் பிளக்கிறது. இதற்குக் கிளைக்கோலிசிஸ் என்று பெயர். கிடைத்த இரு துண்டுகளும் ஒவ்வொரு கார்பனை இழந்து, அசிட்டைல் கோ-ஏ என்ற இரு கார்பன் துண்டுகளாகின்றன. நம் தசையில் என்றால் இவை அடுத்து கிரெப்ஸ் சுழற்சிக்குள் போய் முழுக்க எரிந்துவிடும்.

பால்மரம் இந்த இடத்தில் பாதை மாறுகிறது! மூன்று அசிட்டைல் கோ-ஏக்களைச் சேர்த்து, மூன்று ஏ.டி.பி. செலவழித்து, ஒரு கார்பனை உதறி, ஐந்து கார்பன் கொண்ட ஒரு கண்ணியைச் செய்கிறது. அந்தக் கண்ணிகளை வரிசையாகக் கோத்தால் ரப்பர். நீண்ட ரப்பர் மூலக்கூறு ஒன்றில் சுமார் 15,000 கண்ணிகள் இருக்கும். ஒரு கண்ணிக்கு ஒன்றரை குளுக்கோஸ் என்று வைத்தால், ஒரே மூலக்கூற்றுக்கு 22,500 குளுக்கோஸ்! கண்ணுக்கே தெரியாத ஓர் இழைக்கு இவ்வளவு சர்க்கரை. ஒரு மங்கில் அப்படி எத்தனை கோடானுகோடி இழைகள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

பால் தானாகக் கட்டிப்போவது யார் வேலை, தெரியுமா?

மங்கில் விட்ட பால் மறுநாள் கட்டிப்பாலாகிக் கிடக்கும். ஒரு நாற்றம் வேறு அடிக்கும். ரப்பர் ஆலைப் பக்கம் பேருந்தில் போனவர்களுக்கும் அது மறக்காது. அந்த நாற்றமும் செல் சுவாசத்தின் ஒரு கிளைக்கதைதான்.

புதுப் பாலில் சர்க்கரைப் பொருள்கள் சிறிதளவு கரைந்திருக்கின்றன. காற்றிலும் மங்கிலும் உள்ள பாக்டீரியாக்கள் உடனே அதில் விழுந்து பெருகுகின்றன. ஆக்சிஜன் போதாத இடத்தில் அவை சர்க்கரையைப் பாதி வழியிலேயே விட்டுவிட, மிஞ்சுவது அசிட்டிக், ஃபார்மிக் போன்ற அமிலங்கள். அமிலம் ஏறியதும் ரப்பர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பால் திரிந்துவிடும். ஆலையில் ஃபார்மிக் ஆசிட் ஊற்றி ஷீட் போடுவதும் இதே தத்துவம்தான். கையுறை செய்ய நீர்மமாகவே வேண்டும் என்றால் அமோனியா கலந்து பாக்டீரியாவைத் தடுக்கிறார்கள். உலகச் சந்தைக்குப் போகும் ரப்பர் பாலின் தரத்தைச் சோதிக்கும்போது, அதில் எவ்வளவு அமிலம் சேர்ந்திருக்கிறது என்று அளக்கிறார்கள். அதாவது, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் எவ்வளவு சர்க்கரை தின்றன என்பதற்குத்தான் அந்தக் கணக்கு!

ரப்பர் கொட்டைக்கும் மரவள்ளிக்கும் உறவு உண்டு, தெரியுமா?

காய்ந்த நாளில் ரப்பர் காய் படாரென்று வெடித்துக் கொட்டைகள் சிதறும். தோட்டத்துப் பிள்ளைகள் அதைப் பொறுக்கி வந்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து உள்ளங்கையால் அறைந்து, எது உடைகிறது என்று பந்தயம் வைப்பார்கள். அந்தப் பளபளக்கும் கொட்டைக்குள் இருக்கிறது லினமாரின். நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு பிறக்கும்!

ரப்பர் மரமும் மரவள்ளியும் ஒரே தாவரக் குடும்பம். ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை அரிசி கிடைக்காமல் மலாயாவே மரவள்ளியைத் தின்று உயிர் பிழைத்தது. அந்தக் கிழங்கிலும் இதே லினமாரின் உண்டு. தோலை உரித்து, நறுக்கி, ஊறவைத்து, நன்றாக வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்பது அனுபவம் கற்றுத்தந்த காப்பு. பகாங்கில் ரப்பர் கொட்டையை வேகவைத்துப் புளிக்கவிட்டு ‘ஆசாம் ரோங்’ என்று குழம்புக்கே சேர்க்கிறார்கள்.

சயனைடு என்ன செய்கிறது? மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனை வாங்கிக்கொள்ளும் கடைசி நொதியின்மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. நுரையீரல் வேலை செய்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது, ஆனால் செல்லால் அதைத் தொட முடிவதில்லை! நாம் மூக்கால் இழுப்பது பாதி சுவாசம்தான். மீதி ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நடக்கிறது என்பதற்கு இதைவிடப் பயங்கரமான சான்று வேண்டுமா?

கள் பொங்குவது ஈஸ்ட்டின் அவசரம், தெரியுமா?

தென்னம்பாளையிலிருந்து இறக்கும்போது அது இனிக்கும் பதநீர். சில மணி நேரத்தில் நுரைத்துப் பொங்கும் கள். ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் கிடைக்காதபோது அது குளுக்கோஸை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. நுரைப்பது அந்த வாயுதான். தோசை மாவு உப்பும்போதும் பாக்டீரியாக்கள் அதே வாயுவைத்தான் விடுகின்றன.

இதில் ஈஸ்ட்டுக்குக் கிடைக்கும் லாபம் எவ்வளவு? ஒரு குளுக்கோஸுக்கு வெறும் 2 ஏ.டி.பி.! ஆக்சிஜனோடு முழுக்க எரித்தால் 30 முதல் 32 வரை கிடைக்கும். மிச்ச சக்தியெல்லாம் ஆல்கஹாலுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கிறது. அதனால்தான் அது விளக்கில் எரிகிறது! லாபம் குறைவு என்பதால் காற்றில்லாத ஈஸ்ட் வேக வேகமாகச் சர்க்கரையைத் தீர்க்கும் என்று 1861-இல் லூயி பாஸ்டர் காட்டினார். அந்த அவசரத்தின் விளைவை நம் தோட்டங்கள் பெரிய விலை கொடுத்து அனுபவித்தன. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று!

ஏ.டி.பி.யைக் கண்டெடுத்தவர் சென்னையில் படித்தவர், தெரியுமா?

எல்லாப்பிரகடா சுப்பாராவ்! 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1920-களில் கையில் காசில்லாமல் அமெரிக்கா போய், மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1927-இல் தசையில் பாஸ்ஃபோகிரியட்டினையும், 1929-இல் ஏ.டி.பி.யையும் கண்டறிந்தார். அதே 1929-இல் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியே ஏ.டி.பி.யைக் கண்டார். உலகத்து உயிர்கள் அனைத்தும் செலவழிக்கும் மூலக்கூறு நம்மவர் கையில் அகப்பட்டது என்றால் எப்படிப்பட்ட பெருமை! ஆனால் நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

தைப்பூசத்தன்று ஈப்போவில் புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலை முருகனை நோக்கிக் காவடிகள் புறப்படும்போது சுப்பாராவின் கண்டுபிடிப்புகள் வரிசையாக அரங்கேறுகின்றன. காவடியைத் தூக்கி எழும் முதல் சில நொடிகளுக்குப் பாஸ்ஃபோகிரியட்டின் கைகொடுக்கும். அது தீர்ந்ததும் ஆக்சிஜன் இல்லாமலேயே குளுக்கோஸைப் பிளக்கும் அவசர வழி. அதில் லாக்டிக் அமிலம் பிறக்கிறது. மூச்சு சீராகி ஆக்சிஜன் வந்து சேர்ந்ததும் முழுமையான சுவாசம் பொறுப்பேற்று, மைல் கணக்கில் நடக்க வைக்கிறது. இன்னொன்றும் சொல்கிறேன்: மறுநாள் கால் வலிப்பதற்கு லாக்டிக் அமிலம் காரணமல்ல! அது ஓரிரு மணி நேரத்திலேயே ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். அதில் ஒரு பகுதியைக் கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்கி அனுப்புகிறது. வலி, தசை இழைகளில் விழுந்த நுண்ணிய கிழிசல்களால் வருவது.

உங்கள் எடை அளவுக்கு ஏ.டி.பி.யை இன்றே செய்திருப்பீர்கள், தெரியுமா?

உடம்பில் ஒரு நேரத்தில் இருக்கும் மொத்த ஏ.டி.பி. கால் கிலோ கூடத் தேறாது. ஆனால் ஒரு நாளில் நாம் செலவழிப்பது ஏறத்தாழ நம் உடல் எடை அளவு! ஒவ்வொரு மூலக்கூறும் உடைந்து, மறுபடி கூடி, மறுபடி உடைந்து, நாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை சுற்றி வருகிறது.

அதைக் கூட்டித் தருவது ஒரு சுழலும் இயந்திரம். மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் குளுக்கோஸிலிருந்து வந்த எலக்ட்ரான்கள் கை மாறி கை மாறி ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. அந்த ஓட்டத்தில் கிடைக்கும் சக்தி, ஹைட்ரஜன் அயனிகளைச் சவ்வின் ஒரு பக்கமாகத் தள்ளிக் குவிக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கே தடிமனுள்ள அந்தச் சவ்வின் குறுக்கே உருவாகும் மின்புலம், மீட்டருக்கு மூன்று கோடி வோல்ட் கணக்கு! குவிந்த அயனிகள் திரும்பிப் பாயும்போது ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற புரத மோட்டார் சுழல்கிறது. நொடிக்கு நூறு சுற்றுகளுக்கு மேலும் அது போகும். 1961-இல் பீட்டர் மிட்செல் இந்தக் கருத்தைச் சொன்னபோது நம்பியவர்கள் சிலரே. 1978-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த மோட்டாரின் ஒரு பகுதியை எடுத்து, அதன் அச்சில் ஓர் இழையை ஒட்டி, நுண்ணோக்கியின் கீழ் அது சுழல்வதைப் படமே பிடித்துவிட்டார்கள்!

எடைக்கு எடை நீங்கள் சூரியனை மிஞ்சுகிறீர்கள், தெரியுமா?

நம்ப முடியவில்லையா? கணக்கைப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் 70 கிலோ மனிதர் சுமார் 100 வாட் சக்தியை வெளிவிடுகிறார். கிலோவுக்கு ஏறத்தாழ 1.4 வாட். சூரியன் பிரம்மாண்டமானது, ஆனால் அதன் மொத்த ஒளியை அதன் மொத்த எடையால் வகுத்தால் கிலோவுக்கு 0.0002 வாட் மட்டுமே! ஆக, ஒரு கிலோ சூரியனைவிட ஒரு கிலோ மனிதர் 7,000 மடங்கு சுறுசுறுப்பு. குளுக்கோஸின் சக்தியில் பாதிக்கும் மேல் வெப்பமாகப் போகிறது. அது வீண் இல்லை. உடம்பை 37 டிகிரியில் வைத்திருப்பது அதுதான்.

நம் மைட்டோகாண்ட்ரியா எந்தக் கப்பலில் வந்தது, தெரியுமா?

மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக ஒரு சிறு மரபணு ஏடு உண்டு: 37 மரபணுக்கள், 16,569 எழுத்துகள். ஏனென்றால் அது ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா! நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வேறொரு செல்லுக்குள் புகுந்து குடியேறி, அங்கேயே குடும்பமாகிவிட்டது. 1967-இல் லின் மார்குலிஸ் இதை விரிவாக எடுத்துவைத்தபோது பலர் ஏற்கவில்லை. இன்று அது பாடநூல் உண்மை.

இந்த ஏடு தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. உங்கள் அம்மா, அம்மாவின் அம்மா, அவருக்கும் அம்மா என்று அந்த வரிசை பின்னே போகும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ரயிலேறிப் பேராக் தோட்டங்களுக்கு வந்த ஒரு பெண், தன் டிரங்குப் பெட்டியில் எதைக் கொண்டுவந்தாரோ, அது இன்று இல்லாமல் போயிருக்கலாம். ஆனால் அவர் மைட்டோகாண்ட்ரியா அவருடைய மகள்வழிப் பேத்திகளிடம் இந்த நொடியும் வேலை செய்கிறது!

உடம்பு ரத்தம் முழுவதிலும் ஒரு தேக்கரண்டிச் சீனிதான், தெரியுமா?

ஐந்து லிட்டர் ரத்தத்திலும் சேர்த்துச் சுமார் 5 கிராம் குளுக்கோஸ், அவ்வளவே. மூளை மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் கேட்கும், அதாவது மணிக்கு 5 கிராம். கல்லீரல் தன் கிடங்கிலிருந்து விடாமல் நிரப்பிக்கொண்டே இருக்காவிட்டால் ஒரே மணி நேரத்தில் ரத்தம் காலி! கெட்டிப்பாலும் சீனியுமாக ஒரு கிளாஸ் தே தாரிக் உள்ளே போனால், ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு சர்க்கரை ஒரேயடியாக வந்து இறங்குகிறது. இன்சுலின் வந்து தசைச் செல்களின் கதவைத் திறந்தால்தான் அது உள்ளே போய் ஏ.டி.பி. ஆகும். கதவு திறக்க மறுத்தால் அதுவே இனிப்பு நீர் வியாதி.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய். இந்தியர்களிடையே விகிதம் இன்னும் கூடுதல். நம் வீடுகளில் இதை அறியாத வீடு உண்டா? நம்பிக்கை தரும் செய்தி ஒன்று உண்டு: சுருங்கி விரியும் தசை, இன்சுலின் உதவி இல்லாமலேயே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும்! சாப்பிட்டபின் ஒரு நடை நடந்தால் சர்க்கரை இறங்குவது அதனால்தான். மருந்தை விடாதீர்கள், நடையையும் விடாதீர்கள்.

ஆக்சிஜனைச் சுமப்பவருக்கு அதில் ஒரு துளியும் வேண்டாம், தெரியுமா?

சிவப்பணுக்களுக்கு மைட்டோகாண்ட்ரியா கிடையாது! உடம்பு முழுக்க ஆக்சிஜன் சுமந்து கொடுத்துவிட்டு, தாம் மட்டும் குளுக்கோஸைப் பாதி உடைத்துக் கிடைக்கும் 2 ஏ.டி.பி.யில் நான்கு மாதம் வாழ்ந்து மறைகின்றன. தோட்டங்களில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்த மலேரியாக் கிருமி நுழைவது இந்தச் சிவப்பணுவுக்குள்தான். நுழைந்ததும் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு குளுக்கோஸை உறிஞ்சத் தொடங்கும். கடும் மலேரியாவில் ரத்தச் சர்க்கரை திடீரென்று சரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி சோதனை செய்கிறார்களே, எதற்கு? குளுக்கோஸின் ஒரு பகுதியைக் கிளைப்பாதையில் அனுப்பிச் சிவப்பணுவைக் காக்கும் நொதி அது. குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அந்துருண்டை வாடையும் சில மருந்துகளும் ஆகாது. மலேரியா இருந்த நாடுகளில் இக்குறை அதிகம். மலேரியாவுக்கு எதிராக அது ஓரளவு காப்பாக இருந்திருக்கிறது!

பறித்த பழமும் மூச்சு விடுகிறது, தெரியுமா?

தம்பூன் பம்பளிமாஸை வாங்கி வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். டுரியானோ இரண்டு மூன்று நாளில் உருமாறிவிடும். டுரியானும் வாழையும் பழுக்கும்போது அவற்றின் சுவாசம் குபீரென்று ஏறும். பம்பளிமாஸுக்கு அந்த ஏற்றம் இல்லை. நிதானமாகச் சுவாசித்துக்கொண்டே இருக்கும். 1920-களில் கேம்பிரிட்ஜில் கிட், வெஸ்ட் என்பவர்கள் ஆப்பிள்களை வைத்து இந்த ஏற்றத்தைக் கண்டறிந்தார்கள். தூண்டிவிடுவது எத்திலின் வாயு. ரப்பர் மரத்தில் பால் கூடுதலாக வரப் பட்டையில் பூசும் எத்திஃபோன் மருந்தும் எத்திலினைத்தான் வெளியிடுகிறது! பழத்தைப் பழுக்கவைப்பதும் பாலைச் சுரக்கவைப்பதும் ஒரே வாயு.

குகையைக் குடைந்ததில் வேர்களின் மூச்சுக்கும் பங்குண்டு, தெரியுமா?

செமோரை ஒட்டிய கந்தான் மலை முதல் கோப்பேங் தெம்புரோங் குகை வரை, கிந்தா பள்ளத்தாக்கின் மலைகள் 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கடல் சுண்ணாம்பு. மழைநீர் அதன்மேல் மண்ணில் இறங்கும்போது என்ன நடக்கிறது? வேர்களும் பூஞ்சைகளும் மண்புழுக்களும் பாக்டீரியாக்களும் குளுக்கோஸை எரித்து விடும் கரியமில வாயு, மண்ணுக்குள் வெளிக்காற்றைவிடப் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்கு வரை சேர்ந்திருக்கும்! நீர் அதை வாங்கிக் கார்பானிக் அமிலமாகிறது, சுண்ணாம்பைக் கரைக்கிறது, விரிசலைப் பொந்தாக்கி, பொந்தைக் குகையாக்குகிறது. அந்த நீர் குகைக் கூரையில் சொட்டும்போது வாயு பிரிந்துபோக, சுண்ணாம்பு மறுபடி படிந்து விழுதாகத் தொங்குகிறது. கந்தான் மலையில் உலகில் வேறெங்கும் காணாத பொறிக்கதவுச் சிலந்தி இனம் ஒன்று வாழ்கிறது. மலையை வெட்டி எடுத்தால் அதற்கு மாற்று இடம் கிடையாது. இத்தகைய மலைகளைக் காக்க வேண்டும் என்று குரல் கொடுப்பவர்கள் கேட்பது அழகுக்காக மட்டுமல்ல!

தவ்கே சூடாகும், தெரியுமா?

ஈப்போ தவ்கே, அதாவது பாசிப்பயற்று முளை, குட்டையாய், கொழுகொழுவென்று இருக்கும். புந்தோங்கில் அதை இருட்டில் வளர்க்கிறார்கள். வெளிச்சம் இல்லாததால் புதுச் சர்க்கரை சமைக்க வழியில்லை. பாசிப்பயற்றில் சேர்த்து வைத்ததை எரித்தே அது வளர வேண்டும். அதனால் தண்ணீரால் எடை கூடினாலும் காய்ந்த எடை குறைந்துகொண்டே போகும். குறைந்த கார்பன் வாயுவாகக் காற்றில் கலந்துவிடுகிறது. உடம்பு இளைத்தால் கொழுப்பு எங்கே போகிறது என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்: பெரும்பகுதி மூச்சாகப் போகிறது! குவியலாக முளைக்கும் பயறு விடும் வெப்பத்தில் அழுகிவிடாமல் இருக்கத்தான், சில மணிக்கொரு முறை தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கிறார்கள்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு பிடி பாசிப்பயற்றை ஊறவைத்து முளைகட்டி ஒரு தெர்மோஸ் குடுவையில் போடுங்கள். அதே அளவு பயற்றை வேகவைத்து ஆறவிட்டு இன்னொரு குடுவையில் போடுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு வெப்பமானியைச் செருகி, வாயைப் பஞ்சால் அடையுங்கள். மறுநாள் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். முளைவிட்ட குடுவையில் சூடு ஏறியிருக்கும். வெந்த குடுவையில் ஏறியிருக்காது. உயிருள்ளது எரிக்கிறது, உயிரற்றது எரிப்பதில்லை! படிவம் நான்குக்குப் போகுமுன்பே, தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போதே, ஒரு பிள்ளை இதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டால், பிறகு அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை. சுப்பாராவ் போல் இன்னொருவர் நம்மிடையே வளர ஒரு பிடி பயறும் இரண்டு குடுவையும் போதும் என்றால், அதைக் கொடுக்காமல் இருக்கலாமா?